மேலே பார்க்கும் கேமரா

எர்ணாவூரில் மூன்றாம் மாடிக்கும் மேலே
சின்டெக்ஸ் தொட்டியின் தோளில்
ஒரு கண்ணைக் கட்டிவைத்திருக்கிறேன்.
மூடிப்போன அடகுக்கடையில் கழற்றியது.
பத்து வருஷம் கல்லாப்பெட்டியை முறைத்த கண்
இப்போது கடலுக்கு மேல் ஐம்பது டிகிரியில்
ஒன்றுமில்லாததை முறைக்கிறது.

கேமரா மாட்டுவதுதான் எனக்குப் பிழைப்பு.
நகைக்கடை, லாட்ஜ், மருமகளை நம்பாத வீடு,
எல்லாமே கீழே பார்ப்பவை.
இது ஒன்றுக்குத்தான் பில் போட ஆளில்லை.

இன்னொரு கண் பழவேற்காட்டில்,
மெஹருன்னிசாவின் அக்கா வீட்டு மாடியில்.
நடுவே இருபத்தைந்து கிலோமீட்டர்.
அறுபது இருந்தால் கணக்கு சுத்தமாக வரும்,
ஆனால் அறுபதில் எங்கள் யாருக்கும் அக்கா இல்லை.
ஒரே கீறலை இரண்டு கண்ணும் பார்த்துவிட்டால்
அது எரிந்த உயரம் கிடைக்கும்.
தொண்ணூற்றெட்டு, நூற்று மூன்று என்பாள் போனில்,
பஸ் நம்பர் சொல்வதுபோல.

தினமும் பல் துலக்கிக்கொண்டே
இரவின் குப்பையைப் பிரிப்பேன்.
வௌவால்.
மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம்.
லென்ஸின்மேல் நடந்துபோன பல்லி, வானம் நிறைய வயிறு.
மணலிப் பக்கத்துச் சுடர் மேகத்தில் பட்டு
நள்ளிரவில் விடிந்த பொய் விடியல்.
அனல்மின் சாம்பலை வாரம் ஒருதரம்
பழைய பனியனால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால்
கார்த்திகை ஆறும் ஒரே கறை.
கழித்ததுபோக மிச்சம் மூன்றோ நாலோ.

விசைப்படகுக்குப் போகும் தேசப்பன் படியில் கேட்பார்:
"இன்னிக்கி எத்தினி மாட்டிச்சு?"
நாலு.
"சைசு?"
மணல் பருக்கை.
"அதுக்கு எதுக்குப்பா இவ்ளோ பெரிய வலை."

மார்கழி பிறக்க இரண்டு நாள் இருந்தது.
மிதுனம் உச்சிக்கு ஏறும் இரவு,
வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பாடு.
அன்றைக்குத்தான் டில்லிபாபுவின் பைக் போனது.
தவணை இன்னும் பதினோரு மாசம்.

ஏட்டு மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.
"கேமரா கீதுன்னாங்க."
இருக்கு சார்.
"ரோடு தெரியுமா?"
தெரியாது சார்.
"அப்புறம் இன்னாத்துக்கு?"

பதில் தெரியாமல் வானத்தை ஓட்டிக் காட்டினேன்.
டில்லிபாபு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்,
திரையின் ஏதோ ஒரு மூலையில்
தன் வண்டியின் ஒற்றைச் சக்கரமாவது வரும் என்று.

இரண்டு மணி பதினொன்று.
வடகிழக்கில் ஊசிமுனையாய்த் தொடங்கி
தடித்து, பச்சையாகி, உடைந்தது.
இருபத்தொன்பது பிரேம். ஒரு நொடியும் சொச்சமும்.
தொட்டி விளிம்பு வெளுத்தது.
கொடியில் யாரோ எடுக்க மறந்த பள்ளிச் சட்டை
எந்தச் சோப்பும் தராத வெள்ளையில் நின்று
அணைந்தது.

"திரும்பப் போடு," என்றார் ஏட்டு.
போட்டேன்.
"இன்னொருவாட்டி."
பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு:
"இந்த வெளிச்சம் ரோட்லயும் அட்ச்சிருக்கும்ல?"
அடிச்சிருக்கும் சார்.
"வண்டிய தூக்கினு போனவன் மேலயும்."
அதுவரை பேசாத டில்லிபாபு கேட்டான்:
"அவன் நிமுந்து பாத்திருப்பானா?"

பழவேற்காட்டில் அந்நேரம் முழு மேகமாம்.
ஒற்றைக் கண்ணின் சாட்சி உயரத்துக்குச் செல்லாது.
மெஹருன்னிசாவிடம் நடந்ததைச் சொன்னேன்.
சிரிக்கவில்லை.
"ஆள் சிக்குனா மொதல்ல எங்கிட்ட அனுப்பு.
எந்தத் திசை, கையை நீட்டுனா எத்தனை சாண்,
ரெண்டே கேள்விதான்.
ஆனா உங்க தெருவுலயே நின்னிருந்தான்னா உபயோகமில்ல.
மீஞ்சூரு தாண்டியிருக்கணும்."

ஒன்றே முக்காலுக்கு நாய் குரைத்ததாக
எதிர்வீட்டில் சொல்கிறார்கள்.
ரோடு காலி. டில்லிபாபுவின் வண்டி நல்ல வண்டி,
போன வாரம்தான் சர்வீஸ் விட்டது.

நோட்டில் உயரத்துக்கான கட்டத்தை
காலியாகவே விட்டிருக்கிறேன்.